பட்டியலில் விட்டுப்போன ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

எழுபத்தோராவது நிமிடம். தொண்ணூறு நிமிடத் தேர்வில் எழுபத்தோராவது நிமிடம்! காதில் ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கிறார், நான் அவருக்கு ஈடுகொடுத்து டைப் செய்துகொண்டிருக்கிறேன், விரல் பறக்கிறது. அப்போது பார்த்து திரை நீலமாகி, "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்கிறது. யாரைக் கேட்டு? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?

அழுகை வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது. அடக்கவே முடியவில்லை. பக்கத்து அறையிலிருந்து அத்தை, என் மாமியார், குரல் கொடுத்தார்: "என்ன, பரீட்சை அவ்வளவு ஈஸியா?"

மார்ச் 4, புதன்

கம்பெனிக்குக் கெஞ்சி ஒரு மெயில் போட்டேன். பதில் வந்துவிட்டது: 17ஆம் தேதி, காலை பத்து மணி, இன்னொரு வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

இந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டிலிருந்தே டாக்டர்கள் பேசியதைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. முன்பு ஆஸ்பத்திரியில் இதைத்தானே செய்தேன்! மகள் பிறந்ததும் விட்டது, பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வேண்டும், வேண்டும், வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

கணினி வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"தானா ரீஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னு சொல்றதுக்கு ஒரு இடம் இருக்கும்மா. பாலிசி எடிட்டர்னு பேரு. ஆனா உங்களது ஹோம் எடிஷன். அதுல வராது. வீட்டுக்கு எதுக்கும்மா பாலிசி எல்லாம்?"

வீட்டுக்கு எதற்கா? ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு அத்தை கணினியில் சீட்டு விளையாடுவார், அப்போது யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கடைசித் துளிப் பாலைக் குடித்தவர்தான் போய் வாங்கி வர வேண்டும். என் வீட்டில் இருக்கிற பாலிசி எந்த ஆபீசில் இருக்கிறது?

கோபத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வந்தேன்.

மார்ச் 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

இந்தப் பாலிசி எடிட்டர் என்பது வெறும் வாசற்கதவுதானாம். அது எழுதுவதெல்லாம் உள்ளே ரெஜிஸ்ட்ரி என்கிற பெரிய பதிவேட்டில். ஹோம் எடிஷனுக்கு வாசற்கதவு வைக்கவில்லை, ஆனால் பதிவேடு இருக்கிறது. நான் பின்பக்கமாக நுழைந்துகொள்கிறேன், போங்கள்!

காலையில் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் காப்பு நகல் எடு என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள், எடுத்து வைத்தேன். பிறகு ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் நானே புதிதாக ஒரு வரியை உண்டாக்கினேன். மூச்சு விடாமல் படிக்க வேண்டிய நீளப் பெயர். மதிப்பு: 1. ஆள் உட்கார்ந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகாதே என்று அர்த்தம்.

இவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எதையாவது கெடுத்து வைக்கப்போற."

"இத்தனை நாள் தானா கெட்டுது. இனிமே நான் கெடுக்கறேன்" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

அப்டேட் வந்தது. வந்து, மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் பவ்யமாக நின்றது: "உங்களுக்கு வசதியானபோது ரீஸ்டார்ட் செய்யவும்."

எனக்கு வசதியானபோது! இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுற்று ஆடினேன். ஆறாவது படிக்கும் என் மகள் வாலு (எல்லோருமே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சாயங்காலம் வரைக்கும் அதற்கு ரீஸ்டார்ட் கொடுக்கவில்லை. நிற்கட்டுமே.

மார்ச் 12, வியாழன்

ருசி கண்டுவிட்டேன். நான், இவர், வாலு மூன்று பேரும் "வீடு" என்ற ஒரே கணக்கில்தான் கணினியைத் திறப்போம். அதில் இனிமேல் என் சட்டம்தான்.

செவ்வாய்: திரையின் பின்னணிப் படத்தை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன். அந்தப் படத்தில் இவர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிறார். புதன்: டாஸ்க் மேனேஜரை மூடினேன். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எதையாவது வாலு அதில் போய்ப் பாதியில் கொன்றுவிட்டுப் போவாளே, அது இனி நடக்காது.

இவர் இன்று பத்து நிமிடம் படத்தோடு போராடினார். "மாத்தவே முடியலையே, என்னடி பண்ணி வச்சிருக்க?"

"பாலிசி."

மார்ச் 14, சனி

உச்சக்கட்டம். தேர்வு நேரத்தில் எதுவும் குறுக்கே முளைக்கக் கூடாது அல்லவா? அதற்கும் ஒரு வரி இருக்கிறது: பட்டியலில் இருப்பவை மட்டுமே திறக்கும், மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான். நாலு பேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். தேர்வு மென்பொருள், எழுதும் மென்பொருள், பிரவுசர், கால்குலேட்டர். கால்குலேட்டர் எதற்கு என்று எனக்கே தெரியாது, பாவமாக இருந்தது.

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ராணி மாதிரி எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஐயோ.

தேர்வு மென்பொருள் திறக்கவில்லை. பட்டியலில் அதன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அடித்திருக்கிறேன். சரி, ரெஜிஸ்ட்ரியில் போய்த் திருத்தலாம் என்று அழுத்தினால் —

"இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் இது ரத்து செய்யப்பட்டது. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."

ரெஜிஸ்ட்ரியைப் பட்டியல்ல போடலை. பூட்டைப் போட்டுட்டு சாவிய உள்ளயே வச்சுட்டேன்! டாஸ்க் மேனேஜர் வழியா போகலாம்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அதையும் நானேதான் மூடினேன். காப்பு இருக்கே? இருக்கு. அதைத் திறக்கவும் ரெஜிஸ்ட்ரிதான் வேணும். ஏன்டி உனக்கு இந்த வேலை? ஒரே ஒரு வரியோட எழுந்து போயிருக்கக் கூடாதா?

கால்குலேட்டர் மட்டும் ஜம்மென்று திறக்கிறது.

மார்ச் 16, திங்கள்

காலையில் கடைக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம், புதன்கிழமை தருவாராம். தேர்வு நாளைக்கு! மென்பொருளை இந்தக் கணினிக்குத்தான் பதிந்து கொடுத்திருக்கிறார்கள், வேறெதிலும் ஓடாது. இவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

"'நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்'னு போட்டிருக்கே. கொண்டியா?"

"யாரைக் கொள்றது அத்தை? நான்தானே நிர்வாகி."

"அப்ப நான் யாரு?"

கணினி வாங்கிய அன்று, அது அத்தை ஓய்வு பெற்ற வாரம், "மொதல்ல என் பேர்ல ஒண்ணு போடுங்க, எனக்குத் தனிச் சாவி வேணும்" என்று கடைக்காரரிடம் அடம்பிடித்தாராம். அதற்குப் பிறகுதான் "வீடு". தினமும் நாலு மணிக்கு அவர் போகிற அந்தக் கணக்கு! சீட்டு விளையாட மட்டும்தான் என்று நாங்கள் யாருமே திரும்பிப் பார்த்ததில்லை. அவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: நிர்வாகி. என் பட்டியல் அந்தப் பக்கம் எட்டவே இல்லை.

"திரும்பிக்கோ" என்றார். திரும்பிக்கொண்டேன். பாஸ்வேர்டை ஒற்றை விரலால் தட்டினார், பதினான்கு தட்டு.

திறந்தது. ரெஜிஸ்ட்ரி திறந்தது! அங்கிருந்தபடியே "வீடு" கணக்கின் கோப்பை ஏற்றி, என் அருமைப் பட்டியலைத் தேடிப் பிடித்து அழித்தேன். ரீஸ்டார்ட் மறுக்கும் அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. திரும்ப "வீடு" வழியாக வந்து பார்த்தால் தேர்வு மென்பொருள் சமர்த்தாகத் திறந்தது. அத்தையைக் கட்டிக்கொண்டேன். அவருடைய கண்ணாடி கோணிக்கொண்டது.

"இத்தனை பூட்டு எதுக்கும்மா?"

"நாளைக்கு எதுவும் குறுக்கே வரக் கூடாதுன்னுதான் அத்தை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறுக்கே வர்றது கணினி மட்டுமா? நாங்களும்தான்" என்றார். பிறகு, "சரி சரி, மணி நாலாகுது. எழுந்திரு."

மார்ச் 17, செவ்வாய்

ஒன்பது ஐம்பது. அத்தை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தபால்காரருக்குக்கூட அனுமதி இல்லையாம்.

பதினொன்று நாற்பது. தொண்ணூறு நிமிடம். தொண்ணூறும்!!

மார்ச் 23, திங்கள்

வந்துவிட்டது கடிதம். அடுத்த திங்கள் முதல், தினமும் பத்திலிருந்து ஒன்று வரை. மூன்று தரம் சத்தமாகப் படித்தேன். நான்காவது தரம் வாலு படித்துக் காட்டினாள்.

மார்ச் 30, திங்கள்

இவர் இன்று லீவு. ஒன்பது இருபதுக்குக் கணினி முன் உட்கார்ந்து "வீடு" கணக்கைத் திறக்கப் பார்த்தார். "இந்த நேரத்தில் இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை" என்றது. மறுபடி தட்டினார். மறுபடி அதையே சொன்னது.

"யார் பண்ணின வேலை இது?"

"நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்க" என்றேன். அத்தை செய்தித்தாளைக் கீழே இறக்கவே இல்லை.

நேற்று மதியம் நாங்கள் இருவரும் செய்தது. நான் சொல்லச் சொல்ல, கணினிக்குக் கட்டளை அடிக்கிற கறுப்புச் சன்னலில் அத்தைதான் ஒற்றை விரலால் அடித்தார்: ஒன்பதிலிருந்து ஒன்று வரை "வீடு" திறக்காது. அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். புதிதாக ஒரு கணக்கும் உண்டாக்கச் சொன்னார்.

"பேர் கேக்குது. இனிஷியல் என்ன போடட்டும்?"

"எதுவும் வேண்டாம் அத்தை. பேர் மட்டும்."

அடித்தார். என் பெயர், தனியாக, திரையில். சிரிப்பு வந்தது.

"என்ன வகைன்னு கேக்குது. சாதாரணமா, நிர்வாகியா?"

"சாதாரணமே போதும். நான் பண்ணின கூத்துக்கு அதுவே அதிகம்."

அத்தை நிர்வாகி என்பதைத் தேடிப் பிடித்து அழுத்தினார். "ரெண்டு பேர் இருந்தாதான், ஒருத்தி பூட்டிக்கிட்டா இன்னொருத்தி திறந்து விடலாம்" என்றார்.

மணி பத்தாகப் போகிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.