ஹவ்கன் வீட்டு ஏலத்தில் போன வண்டி

நோரா டவுன்ஷிப், வடக்கு டகோட்டா
மே 4

அன்புள்ள கிர்ஸ்டனுக்கு,

ஆங்கரேஜில் நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே வயலெல்லாம் இன்னும் சேறு, விதைப்பு தாமதம். உன் அப்பாவின் கல்லறை மேல் மண் படிந்துவிட்டது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன்.

சுற்றி வளைக்கப் போவதில்லை. ஏப்ரலில் நடந்த ஏலத்தில் உன் அப்பாவின் 1953-ஆம் வருடத்துப் பிக்கப் வண்டியை, உனக்கு எதிராக இணையத்தில் விலை கேட்டு எடுத்த அந்த முகம் தெரியாத ஆள் என் கணவர் ஓரின்தான். வண்டி எங்கள் கொட்டகையில் நிற்கிறது. இதை யாராவது உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்று ஏலக் களத்தில் நான் இல்லை. பக்கத்துப் பண்ணை லைல் பிரெக்கே வந்து சொன்னதுதான். விலை கேட்க நீ உன் எண் அட்டையை உயர்த்தியதும் அத்தனை பேரும் தங்கள் அட்டையை இறக்கிவிட்டார்களாம். இறந்தவரின் பிள்ளை கேட்கிற பொருளை இங்கே யாரும் போட்டிக்குக் கேட்பதில்லை. அது உனக்கும் தெரியும். பாதிரியார் மூக்கு அரித்தும் கையைத் தூக்கவில்லை என்றார் லைல். ஆனால் இணையத்தில் கேட்பவர்களுக்காக வைத்திருந்த திரையில் மட்டும் யாரோ விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நான்காவது முறைக்குப் பிறகு நீ அட்டையை மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, சர்ச் பெண்கள் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பை பலகாரத்தைத் தொடாமல் கிளம்பிவிட்டாய். "ஆப்பிள் பை சாப்பிடாமப் போன மொத ஹவ்கன் வீட்டு ஆளு அவதான். அப்பவே தப்பு நடந்துருச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் லைல்.

மறுவாரம் வண்டி எங்கள் வீட்டில் வந்து இறங்கியதும் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தானியக் கிடங்குக் கடையில் காபி குடிக்கப் போன ஓரினிடம் லைல், "என்னப்பா ஓரின், அடுத்து யாரு சாவுக்குக் காத்திருக்க? சொல்லு, நான் என் டிராக்டர ஒளிச்சு வெச்சுக்கறேன்," என்று கேட்டாராம். ஓரின் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஏலத்தன்று அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டே நாள்; படுக்கையில் மடிக்கணினியோடு கிடந்தார். "படுத்துக் கிடக்கிறவனுக்கு யாரு கையத் தூக்குனா, யாரு எறக்குனான்னு எப்படிப்பா தெரியும்? நம்பர்தான வருது."

எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து காபி நேரத்தில் பாதிரியார் மனைவி ஆர்டிஸ், "பாவம்யா மனுஷன். எல்லாம் இந்த மெஷின் பண்ற வேல," என்று அவர் தோளைத் தட்டினாள். கணினியை ஆளுக்கு ஆள் திட்டினார்கள். நான் எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று லைல் கேட்டதற்கு, "அவ ஒரு வார்த்த கேட்டா இன்னைக்கே குடுத்துருவேன்," என்றார் ஓரின். நீ கேட்கமாட்டாய் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது உருளைக்கிழங்கைக்கூட மூன்று தடவை வற்புறுத்தினால்தான் எடுத்துக்கொள்கிற ஊர் நம்முடையது.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதிலிருந்து ஐந்து கோடைகள் உன் அப்பாவிடம் கூலிக்கு வேலை செய்தவர். அந்த வண்டியில்தான் கியர் போடக் கற்றுக்கொண்டார். ஊரை விட்டுப் போனவளைவிட இங்கேயே இருந்தவனுக்குத்தான் உரிமை அதிகம் என்பது அவர் எண்ணம். வேலை போனதிலிருந்து வீட்டில் முகம் திருப்பிப் படுத்துக் கிடந்த மனிதர், இப்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு காலையிலேயே கொட்டகைக்குப் போகிறார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார். சாப்பாட்டு மேசையில் பேசுகிறார். அந்தப் பேச்சுக்கு நான் ஏங்கியிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. என் மௌனத்துக்கு அதுவே காரணம் என்று நீ நினைத்தால் தவறில்லை.

வண்டியின் முன்பக்கம் இருக்கும் கையுறைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் உன் அப்பா பென்சிலால் மழை அளவுகளை எழுதி வைத்திருக்கிறார். வரிசை வரிசையாகத் தேதி, அங்குலம். ஒரு ஜூன் பத்தொன்பதில் மட்டும் "மழை இல்லை. கி. தனியாகக் கிடங்கு வரை ஓட்டினாள்" என்று இருக்கிறது. வருகிற இருபதாம் தேதி வண்டி பெயிண்ட் கடைக்குப் போகிறது. பழைய பெயிண்ட் முழுவதையும் உரித்துவிட்டுத்தான் புதிதாக அடிப்பார்களாம், அந்த மூடி உட்பட.

இனி, நான் எழுத வந்தது.

ஏலத்தன்று நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. இணையத்தில் எண்கள் மட்டும் வரவில்லை. களத்தின் சத்தமும் வந்துகொண்டிருந்தது. ஏலக்காரர் சற்று நிறுத்தி, "எல்லாரும் கேட்டுக்கங்க, கேக்கறது நம்ம நோர்வலோட பொண்ணு," என்று உன் அப்பாவின் பெயரைச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அடுத்த நொடி அறையில் சத்தம் குறைக்கப்பட்டது. பிறகு விசையைத் தட்டும் ஒலி, மூன்று முறை.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள்; ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களைக் கண்டிப்பவள். வலி மாத்திரை மயக்கமாக இருக்கலாம், சத்தம் தலைவலி தந்திருக்கலாம் என்று மூன்று வாரமாக வேறு விளக்கங்களைத் தேடினேன். ஒன்றும் நிற்கவில்லை. ஏலக்காரர் சொன்னது அவர் காதில் விழுந்தது. தெரிந்துதான் வாங்கினார்.

அப்போது அவரால் அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாததால் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு நான்தான் போனேன். அதனால் வண்டி என் பெயரில் இருக்கிறது. உரிமைச் சான்றின் பின்பக்கம் உன் பெயருக்கு மாற்றி எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரினுக்கு இது தெரியாது. இருபதாம் தேதிக்கு முன் எந்த நாளும் நீ வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். பணம் பற்றிப் பேசாதே. அதை எங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறோம்.

ஆனால் வருவதற்கு முன் எனக்காக ஒன்று செய், கிர்ஸ்டன். அவரை ஒரு முறை தொலைபேசியில் கூப்பிடு. வண்டியைத் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஏலக்காரர் சொன்னது காதில் விழுந்ததா என்று மட்டும் கேள். அவர் என்ன சொன்னாலும் வண்டி உன்னுடையதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவள் நான். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் எனக்கு வாய் வரவில்லை.

நான் பிரார்த்தனை செய்கிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் செய்கிறேன். ஆம் என்று அவர் சொல்லிவிட வேண்டும்.

எது சொன்னாலும் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம், கல்லூரி முகவரிக்கு அனுப்பு.

உன் பழைய தோழி,
மார்லிஸ்