பிரின்ஸுக்கு வெங்காயச் சட்னி வேண்டாம்

என்னங்க,

நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாந்தோமில் பூசைக்குப் போய்விட்டு வருகிறேன். பிரின்ஸ் ராத்திரி வாந்தி எடுக்கவில்லை. இப்போது வாலாட்டுகிறது.

இட்லி பானையில் இருக்கிறது. பிரின்ஸுக்கு ஒன்றை வெறுமனே பிட்டுப் போடுங்கள். சட்னியில் தோய்க்கவே கூடாது. அதிலிருந்த வெங்காயம்தான் நேற்று அதைப் படுக்கவைத்தது என்றார் மிருக வைத்தியர். காப்பியும் ஆகாதாம். அவித்த முட்டையில் பாதி கொடுக்கலாம், உப்பில்லாமல்.

"புள்ள விட்டுட்டுப் போன நாயையும் கொன்னுடுவீங்க போலிருக்கே" என்று நேற்று கத்திவிட்டேன். நீங்கள் தட்டை விட்டு எழுந்தீர்கள். லூயிஸைப் பட்டாளத்துக்கு நீங்கள் அனுப்பவில்லை, அவனாகத்தான் போனான். பர்மாவிலிருந்து கடிதம் வராத பயத்தில் என் வாய் அப்படிப் பேசிவிட்டது.

மர்சலின்

பின்கதவைத் தாழ் போடுங்கள், பூனை வருகிறது.

இன்னொன்று. தினமும் பிரின்ஸை லூயிஸ் நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் சாப்பிடுவதைச் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பசி தாங்குமானால் நான் வரும்வரை இரண்டு பேரும் பொறுங்கள். இன்றைக்கு மூன்று பேருமாகச் சாப்பிடலாம்.