என் பக்கத்துப் பிடி

1957 ஆகஸ்ட் 3, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். முன் பிரேக் கிறீச்சிடுகிறது. நான் பள்ளிக்கூடம் கிளம்புவது எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடுகிறதாம். தம்பி கருணாகரன் சொல்கிறான்.

எண்ணெய்த் துணியும் கையுமாக நின்றபோது அவனே வந்தான். "அக்கா, அக்டோபர் கப்பல். நாகப்பட்டினம். ரெண்டு பேருக்கும் சொல்லி வச்சிட்டேன்."

கேட்கவில்லை. சொன்னான்.

அவன் மனைவி பொன்னம்மா மகனோடு அங்கே போய் ஆறு வருடம். கடல் ஒத்துக்கொள்ளவில்லை, இனிக் கப்பல் ஏறமாட்டேன் என்கிறாள். அவன் போகவேண்டியவன்தான். ஆனால் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டானாம். நான் பிறந்தது இங்கே. நாற்பத்து மூன்று வயதில், வேலையை விட்டு, அந்த ஊரில் யார் வீட்டு மூலையில் போய் உட்காருவது?

"ஆடித் தீர்த்துக்கலாம்" என்றேன்.

சிரித்தான். "பிடி இல்லாத பெட்டியிலயா?"

"பிடியை நான் கொண்டு வர்றேன்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் கோப்பிக்கடையின் பின்புறம் போய்ப் பந்தாட்டப் பெட்டியின் மேல் கிடந்த சாக்குகளை இழுத்துப் போட்டேன். கண்ணாடிக்குள் தகர ஆட்டக்காரர்கள் துருவேறி நிற்கிறார்கள். ஒருவனுக்கு மூக்கு இல்லை.

ஒரு கேளிக்கை மைதானத்தை மூடியபோது அப்பா வாங்கி வந்த பெட்டி. இந்தப் பக்கம் ஒரு பிடி, எதிர்ப்பக்கம் ஒரு பிடி. அழுத்தினால் நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உதைப்பார்கள். வீட்டில் எந்தச் சண்டையும் இதில்தான் முடியும். முதலில் பத்து கோல் போட்டவர் சொன்னது சட்டம். சென்னையில் படித்துவிட்டுத் திரும்பியதும் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். தம்பி அப்பா கட்சி. பத்துக்கு ஒன்பதில் ஜெயித்தேன். அப்பா அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் பெட்டியை ஒளித்து வைக்கும்போது என் பக்கத்துப் பிடி ஒடிந்தது. பிறகு ஆடவே இல்லை. பிறகு எல்லாம் தம்பி சொன்னபடிதான் நடந்திருக்கிறது. எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பண்டார் ஹிலிர் இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். கதவுப் பிடி காட்டினார்கள். அலமாரிப் பிடி காட்டினார்கள். பந்து உதைக்கும் பெட்டி என்று விளக்கினால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

தெங்கேராவில் ஒரு சீனத் தச்சர் மரத்தில் கடைந்து கொடுத்தார். வழுவழுவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. மூன்றாவது உதையில் முறிந்தது. உள்ளே இருக்கும் சுருள்வில்லுக்கு அவ்வளவு இறுக்கம்.

தம்பி கோப்பி ஆற்றிக்கொண்டே, "பெட்டிக்கே நாகப்பட்டினம் போக ஆசை வந்திருச்சு, அக்கா" என்றான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வகுப்பில் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஆகஸ்ட் 17, சனி

எத்தனை நாள் இதைக் கையில் பிடித்துக்கொண்டே தேடியிருக்கிறேன்! சந்தை முனையில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. முன் பிரேக்கை அழுத்தினேன். அழுத்திய விரல்களைப் பார்த்தேன் — இதுதானே!

நேரே தாவூத் பாயின் சைக்கிள் கடை. கழற்றச் சொன்னேன்.

"பிரேக் இல்லாம ஓட்டுறது சுசா, ரொம்பக் கஷ்டம் டீச்சர். எப்படி நிப்பீங்க?"

"காலால."

"யா அல்லா! தம்பியைத் தோக்கடிக்கவா இவ்வளவு பாடு?"

கேலி செய்தாலும் வீட்டுக்கே வந்து, ஒடிந்த தண்டில் துளையிட்டு, பிரேக் பிடியை அதில் முடுக்கிக் கொடுத்தார். அழுத்தினேன். என் ஆட்கள் பதினொரு பேரும் உதைத்தார்கள். மூக்கில்லாதவனும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்துக்கு ஆறு. ஜெயித்தேன்.

தாவூத் பாய்தான் எண்ணினார். தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. நெற்றி வியர்க்க ஆடினான். கடைசிப் பந்து விழுந்ததும் கொஞ்ச நேரம் தன் பிடியை விடவே இல்லை. பிறகு, "சைக்கிள் சாமான் வச்சு ஜெயிச்சிட்ட. சரி, சட்டம் சட்டம்தான்" என்று சிரித்தான்.

ராத்திரிச் சாப்பாடு எனக்கு இனித்தது. அவன் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பயணப் பெட்டியில் அடுக்கிய துணிகளைத் தம்பி எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறான். ஒரு முணுமுணுப்பு இல்லை. முணுமுணுத்தால் தேவலை.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். கடை வாசலில் காகிதக் கொடி கட்டினோம். வந்தவர்களெல்லாம் ஊருக்குப் போவதைப் பற்றிக் கேட்டார்கள். "எங்கக்கா பத்து கோல் போட்டுட்டா, நான் எங்க போறது லா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மத்தியானம் தாவூத் பாயின் பேரன் புதுச் சட்டையில் வந்தான். நீலக் கோடு போட்டது. எனக்குத் தெரிந்த சட்டை. மகனுக்கென்று தம்பி வாங்கிப் பயணப் பெட்டியின் அடியில் வைத்திருந்தது.

"ஏன்டா கொடுத்தே?"

"அவன் இப்ப எவ்வளவு உசரம்னு எனக்கு என்ன தெரியும் அக்கா? குத்துமதிப்பா வாங்கினது. இவனுக்குச் சரியா இருக்கு பாரு."

சொல்லிவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டான்.

நான் என்ன கேட்டேன்? இந்த ஊரைக் கேட்டேன். அவனையும் சேர்த்தா கேட்டேன்? கேட்டேன்தான். தனியாக இருக்க எனக்குப் பயம். அதை மறைக்கத்தான் அத்தனை கடை ஏறி இறங்கினேனா? பயந்தவள் சும்மா அவனோடு கப்பல் ஏறியிருக்கலாமே, பிடி எதற்கு?

செப்டம்பர் 1, ஞாயிறு

கடை திறக்கவில்லை. தம்பி குளிக்கப் போனான். ஸ்பேனரை எடுத்து என் பக்கத்துப் பிடியைக் கழற்றினேன். சைக்கிளில் பழைய இடத்தில் மாட்டி ஒரு சுற்றுப் போய் வந்தேன். பிரேக் கிறீச்சிடுகிறது. இருக்கட்டும்.

மாலை கோப்பி குடிக்கும்போது சொல்லப்போகிறேன்: நீ கப்பல் ஏறு. நான் இங்கேதான், தனியாக.

முடியாது என்பான். ஆடித் தீர்த்துக்கலாம் என்பான்.

ஆடுவதற்குப் பெட்டியில் பிடி இருக்காது.