மேல் கட்டிலுக்குப் பழைய சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

என் போட்டோவைப் பார்த்து, “தேஞ்சு போயிட்டானே!” என்று அழுதீர்களாம், தங்கை சொன்னாள். நோயெல்லாம் இல்லை அம்மா. கம்பெனி டாக்டர் சொன்னபடி இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன். வேலை முடிந்ததும் தினமும் கிடங்கைச் சுற்றி வேகமாக நடக்கிறேன். பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. குறட்டைகூட நின்றுவிட்டது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அறையில் இரண்டடுக்குக் கட்டில். கீழே நான், மேலே ஆளே இல்லை. ஆனால் நான் இளைக்க இளைக்க, மேல் மெத்தை என் முகத்தை நோக்கித் தொய்ந்துகொண்டே வருகிறது. ஏறிப் பார்த்தேன். முன்பு நான் படுத்தால் விழுமே, அதே அகலத்தில் ஒரு பள்ளம். தொட்டால் கதகதப்பு. விடுதிக் காவலர் கதவைத் தட்டி, “மேல குறட்டை விடறது யாருப்பா?” என்றார். சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள், தனியாகக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். பீரோவில் இருக்கும் என் பழைய பெரிய சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் அனுப்பி வையுங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

சட்டை எனக்கில்லை அம்மா. ஏசி காற்று மேலேதான் நேராக அடிக்கிறது.