டிக்கெட்டை ரத்து செய், தாட்சாயிணி

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

சம்பந்தம் எழுதுவது. நான் நலம். நீயும் நிவேதிதாவும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். கண் இல்லாவிட்டாலும் இதை யாரையும் வைத்து எழுதவில்லை. நானே போனிடம் வாயால் சொல்லி, அது எழுதியதைத் திரும்ப வாசிக்கக் கேட்டு, தப்பைத் திருத்தி அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய் என்பதால்தான் கடிதம்.

பதினெட்டாம் தேதி கிளம்பி வர டிக்கெட் போட்டுவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நம் பெண்ணுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். அவளை மெல்போர்னில் விட்டுவிட்டு, அறுபத்தொரு வயது ஆம்பிளையைப் பார்த்துக்கொள்ள ஓடி வருகிறாயா? எல்லாம் எதிர்வீட்டு பாஸ்கரன் உன்னிடம் சொன்னதால் வந்தது. நல்ல மனுஷன். ஆனால் பாதியைப் பார்த்துவிட்டு முழுதாகச் சொல்கிறவர். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தனியாக மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். ரயில் பாதை இடது பக்கம் இருக்கிற மாதிரி நடந்தால் கடை வந்துவிடும். வலது காதில் இயர்போன், இடது காது ரோட்டுக்கு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். மெயின் ரோடு முனையில் யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து, "வா நைனா, நான் தாண்டி உட்றேன்" என்று அந்தப் பக்கம் இழுத்துப் போய்விட்டார். நான் ரோட்டைத் தாண்டவே வேண்டியதில்லை. அதைச் சொல்வதற்குள் ஆள் போய்விட்டார்.

எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன் என்றே தெரியவில்லை. போன் இன்னும் நூற்றைம்பது மீட்டர் என்கிறது. எந்தப் பக்கம் என்று அது சொல்ல வேண்டுமானால் நான் நாலடி நடந்தாக வேண்டும். அந்த இரைச்சலில் நாலடி நடக்கத் துணிச்சல் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன். விரல் உன் பெயருக்குப் போனது. நீ அங்கிருந்து என்ன செய்வாய் என்று விரலை எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு ரயில் வருகிறவரை பேசாமல் நின்றேன். வந்தது, முதுகுக்குப் பின்னால். சத்தம் இடது காதில் விழும்படி உடம்பைத் திருப்பினேன். போக வேண்டிய திசை கிடைத்துவிட்டது. அதைப் போனில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பாஸ்கரன் ஓடிவந்து, "இன்னா சார் இங்க நின்னுகினு கீறீங்க, போன் ஆஃப் ஆயி கீது, அதப் போய் தடவிக்கினு கீறீங்களே" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். சார் செத்த போனோடு நடுரோட்டில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று உனக்கும் சொல்லியிருக்கிறார். நீ எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாய்.

போன் சாகவில்லை. திரையை நான்தான் இருட்டாக வைத்திருக்கிறேன். எனக்கெதற்கு வெளிச்சம்? பேட்டரி மிச்சம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவும் முடியாது. காதுக்குள் அது பேசிக்கொண்டேதான் இருக்கிறது.

இதெல்லாம் நீ போன பிறகு யூசுப் சொல்லிக்கொடுத்தது. பூந்தமல்லிக்காரர், பேங்கில் வேலை. அவருக்கும் பார்வை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே பஸ் பிடித்து வருகிறார். முதல் நாள் நான் கத்திவிட்டேன். வழவழவென்று கண்ணாடி, ஒரு மேடு பள்ளம் கிடையாது, எனக்குப் பழைய பட்டன் போனே போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அடையாளம் இல்லாவிட்டால் என்ன சார், போனுக்கு நாலு மூலை இருக்கிறதே என்றார்.

எனக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு, எந்த அளவையும் ஓர் ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று தெரியாதா? விரலை வைத்தால் அந்த இடத்தில் இருப்பதன் பெயரைச் சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். இடது கட்டைவிரலைக் கீழ் மூலையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து ஒரு விரல் மேலே போனால் உன் பெயர். அவ்வளவு கிட்டே எதற்கு வைத்தேன் என்று யூசுப் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அதே கடைக்கு மூன்று தடவை போய்வந்துவிட்டேன். யாராவது கையைப் பிடித்தால், நான் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மார்க்கெட் வரை போய்க் கத்திரிக்காய் வாங்கினேன். இரண்டு சொத்தை. கண் இருந்த காலத்திலும் அப்படித்தான் வாங்கிவருவேன், அதைக் குறையாகச் சொல்லாதே. குக்கர் ரப்பரை மாற்றிவிட்டேன். சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது.

நீ இல்லாமல் வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சாயங்காலமானால் உன் சீரியலை நானே போட்டுக் கேட்கிறேன் என்றால் பார்த்துக்கொள். ஆனால் உன்னைத் தேடுவது வேறு, வழி தெரியாமல் தவிப்பது வேறு. முதலாவதற்காக நீ கிளம்பி வர வேண்டாம், இரண்டாவது இப்போது எனக்கில்லை.

நிவேதிதாவுக்கு என் ஆசீர்வாதம். பயப்படாமல் இருக்கச் சொல், தாய் வேறு பிள்ளை வேறாகி நல்லபடியாக நூறு வருஷம் இருக்கட்டும். குழந்தை பிறந்ததும் படம் அனுப்புங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று போனே சொல்லும். யூசுப் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார், வெள்ளைத் துணியில் தூங்கும் குழந்தை என்று சொன்னது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மூக்கு என் அம்மா மூக்கா, உங்கள் வீட்டு மூக்கா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை நீ பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னால்தான் எனக்குப் பேரப்பிள்ளையின் முகம் தெரியும். இங்கே எனக்குக் கண் வேண்டியதில்லை, தாட்சாயிணி. அங்கே வேண்டும்.

இப்படிக்கு,
உன் சம்பந்தம்