ராஜலிங்கத்தின் குரல் மட்டும்

கண்டி
14.12.2008

என் அன்பு மகள் பிறேமினிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறம். நீயும் மருமகனும் அந்த மெல்பேர்ண் வெயிலில் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன். அம்மா இப்ப ஈமெயில் போடுறதில்லை, போனில் கேட்டாலும் மழையைப் பற்றித்தான் கதைக்கிறா என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். காரணம் இருக்குப் பிள்ளை, போனில் சொல்ல ஏலாத காரணம். எங்கட கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் உங்கட பக்கம் வாறா, அவவின் கையில்தான் இதைக் கொடுத்துவிடுறன். பதறாமல் கடைசிமட்டும் வாசி.

நீ போகும்போது கம்பியூட்டரில் குரல் பதியிற ஒடாசிட்டி போட்டுப் பழக்கிவிட்டுப் போனாயே, இந்த நத்தாருக்குப் பாலன் பிறப்புப் பாட்டுகள் பதிய அதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு என்று இங்கே பொழுதுபட்டால் ஒருவரும் வெளிக்கிடுறதில்லை, தமிழர் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடினால் அயலில் இருந்தே பொலிசுக்குப் போன் போகும். அதனால் பாடகர் குழுவில் ஒவ்வொருவராய்ப் பகலில் வந்து, நான் வாசிச்ச ஓர்கனை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தங்கட பகுதியை மட்டும் பாடிவிட்டுப் போவினம். நான் அந்தக் குரல்களை ஒன்றின் கீழ் ஒன்றாய் அடுக்கி, எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வரிக்கும் பெயர் அடிச்சு வைப்பன். எல்லாம் சேர்த்ததை நீ சொன்னபடியே ஓ.ஜீ.ஜீ. என்று முடியிற ஓக் கோப்பாய்த்தான் வைத்தனான். ஒரு கொம்பனிக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது, எம்.பி.3 மாதிரி உரிமைக்காரர் கிடையாது என்று நீ சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. எங்கட பாட்டுக்காவது ஒரு சுதந்திரம் இருக்கட்டும் என்று நினைச்சன்.

ராஜலிங்கத்தை உனக்குத் தெரியாது, நீ போனபிறகு குழுவில் சேர்ந்தவர். தெல்தோட்டைத் தோட்டத்து ஆள், நாற்பது வயது இருக்கும், டவுனில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் போட்டோகொப்பிக் கடையில் வேலை. சந்திரிகாவைக் கட்டுறதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர், எங்களிடம் இருந்த ஒரேயொரு அடிக்குரல் அவர்தான். தன் பகுதியைக் கேட்டுப் பழக வேண்டும் என்று சொன்னதால் அதை மட்டும் அதே ஓக் கோப்பாய் ஒரு சீடியில் போட்டுக் கொடுத்தனான். போன மாதம் ஒருநாள் குட்ஷெட் பஸ் நிலையத்தில் தெல்தோட்டை பஸ்சுக்கு நிற்கும்போது பையைச் சோதிச்ச பொலிசுக்காரர் சீடியை எடுத்துப் போய்த் தங்கட கம்பியூட்டரில் போட்டிருக்கிறாங்கள், அது திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயர் முடிவிலும் ஓ.ஜீ.ஜீ. என்று இருந்ததாம். அது எந்த இயக்கத்தின் பெயர் என்று கேட்டிருக்கிறாங்கள். அந்த மனிசனுக்கு என்ன தெரியும்.

அன்று மத்தியானம் முதலாளி மூச்சிரைக்க வந்தார். "டீச்சர், நம்ம ராஜலிங்கத்தப் புடிச்சிட்டாங்க, பையில ஈந்த சீடி தொறக்குதில்லயாம், நீங்க வந்து ஒரு சொல்லு சொன்னாத்தான் சரி" என்றார். அப்பா, போகாதே, உன்னையும் உள்ளே போடுவாங்கள் என்று கதவை மறிச்சுக்கொண்டு நின்றார். முதலாளிதான் அப்பாவின் கையைப் பிடிச்சுச் சமாதானம் சொல்லி என்னைக் கூட்டிப் போனார்.

பொலிஸ் ஸ்டேசனில் பொறுப்பாய் இருந்த பெரியவர் மரியாதையாய்த்தான் கதைச்சார், இருக்கக் கதிரையும் தந்தார். இந்தக் கோப்பு வகையை யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவர் இல்லை, பல நாட்டில் இருக்கிற பலர் சேர்ந்து செய்து எல்லாருக்கும் இலவசமாய்க் கொடுக்கினம் என்று உள்ளதைச் சொன்னன். சொல்லி முடிக்க முதலே என் வாயாலேயே குழி தோண்டினது விளங்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள், காசு வாங்காமல், உங்களுக்கு ஏன் தருகிறார்கள் என்று கேட்டார். உனக்கு இதைப் போட்டுத் தந்தது யார் என்றார், மகள் என்றேன், எங்கே இருக்கிறா என்றார். பிறகு, கம்பியூட்டரைக் கொண்டுவந்து அவன் பாடினதை அப்படியே திறந்து காட்டு, பின்னேரம்வரை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைத் திறந்து பார்த்தால், வரிவரியாய் எல்லாருடைய பெயரும் கிடக்குது. அதில் இரண்டு பிள்ளைகள் வவுனியாவில் இருந்து வந்து பதிவில்லாமல் இருக்கிறதுகள். நான் அவசரமாய் இருந்து ஒவ்வொரு குரலாய் அழிச்சன் பிறேமினி. பெண்பிள்ளைகள் எல்லாரையும், பிறகு ஆண்களை, கடைசியில் என்னுடைய ஓர்கனையும். சேர்த்து முடிச்ச பாட்டுகளையும் விடவில்லை. ஒக்டோபர் தொடங்கி அதுவரை பாடினது முழுக்கப் போச்சு, ராஜலிங்கத்தின் குரல் மட்டும் மிச்சம்.

பெரியவர் அதைப் போடச் சொல்லிக் கேட்டார். அடிக்குரல் தனிய எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே, பாட்டு மாதிரியே இராது. நீட்டி ஒரு ஆ, பிறகு பாடாமல் இருக்கிற இடத்தில் மனிசன் தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெல்ல எண்ணுறார், பிறகும் ஆ. யாருக்கு இந்த இலக்கம் சொல்கிறான் என்று கேட்டார். மற்றவர்கள் பாடும்போது இவர் காத்திருக்கிற இடம் அது என்றேன். மற்றவர்கள் எங்கே என்றார். நான்தான் மற்றவர்கள், பாடிக் காட்டுறன், திரும்பப் போடுங்கள் என்று எழும்பி நின்றேன். அந்த அறையில், தோளில் துவக்கு மாட்டி நின்ற பொடியங்களுக்கு முன்னால், ராஜலிங்கத்தின் குரலுக்கு மேல் என் குரலை வைத்து முதல் சரணம் முழுக்கப் பாடினன். சுதி விலகவில்லை. உள்ளே எங்கேயோ இருந்து அவருக்கும் கேட்டிருக்கு, பிறகு சொன்னார்.

பெரியவரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டு என்று தெரிகிறது, ஆனால் பாட்டை ஒருவருக்கும் திறக்க ஏலாத மாதிரி ஏன் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கம்பியூட்டரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளால் என் கையெழுத்துப் பொறுப்பில் ராஜலிங்கத்தை விட்டார்கள். உள்ளே போகும்போது நல்லாய் இருந்த அவருடைய இடது காது இப்ப கேட்குதில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையும் நாங்கள் இரண்டு பேரும் பொலிசுக்குப் போய் ஒப்பமிட வேண்டும், பூசை நேரம் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் கோயிலில் இப்ப ஓர்கனும் இல்லை. குழுவில் இருந்தவர்கள் ரோட்டில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் மாறுகினம், நான் தங்கட பெயரையும் கொடுத்திருப்பன் என்ற பயம். அழிச்சுப்போட்டன் என்று போய்ச் சொல்லவும் வழியில்லை, நான் போற வீட்டுக்குப் பின்னால் யார் வருவாங்களோ.

நீ எடுத்துத் தந்த விசா இரண்டும் போன கிழமை கொழும்பில் இருந்து வந்து சேர்ந்தது. அப்பா ஒரு குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டார், பெட்டியைக்கூட இறக்கிவிட்டார். நான் ஒரு ஞாயிறு ஒப்பமிடாமல் விட்டாலும் ராஜலிங்கத்தை உள்ளே எடுப்பாங்கள். நீங்க போங்க டீச்சர், நா பாத்துக்கிறேன் என்று அவரே சொன்னார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். எங்கட பங்குச் சுவாமியார் கதைச்சு இந்த ஒப்பத்தை நிற்பாட்டுவார் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். சுவாமியார் கதைச்சாச்சு, பொலிசுக்காரர் ஏலாது என்று சொல்லியும் விட்டாங்கள். அப்பாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவருடைய நெஞ்சு வருத்தத்துக்கு இங்கே இன்னொரு வருசம் தாங்காது. தை மாதம் அவரை அனுப்புறன், நான் அடுத்த பிளேனில் வாறன் என்று சொல்லித்தான் அனுப்புவன்.

மாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனோடு கோபத்தில் கதையாதே. போனில் இதில் உள்ள ஒன்றையும் கேளாதே, ராஜலிங்கத்தின் பெயரையும் எடுக்காதே. எயர்போட்டில் அப்பா இறங்கினவுடன், அம்மா எப்ப வாறா என்றுதான் முதல் கேட்பார். அடுத்த கிழமை என்று சொல். அதற்கு அடுத்த கிழமையும் அப்படியே சொல்.

உன்னை நினைச்சபடி,
அம்மா
றீற்றா