அப்பா குறித்த தேதியும் சுகிர்தாவின் கல்யாணமும்

விழுப்புரம்
25.9.88

அன்பு மகன் எபினேசருக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் இன்னும் பூமியில்தான் இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். உனக்கு இருமல் நின்றதா, ஏசிக்கு நேர் கீழே படுக்காதே என்று எத்தனை தடவை எழுதுவது. உன் கோபக் கடிதம் புதன்கிழமை வந்தது. ஜனவரியில் லீவு கேட்டு வைத்திருந்தேனே, ஒரே தங்கச்சி கல்யாணத்தை நான் இல்லாமல் ஆகஸ்டிலேயே முடிக்க அப்படி என்ன அவசரம் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். அவசரம் என்னவென்றால், உலகம் முடிய இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. ஜூன் மாதம் இங்கே மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் நடந்தது, மெட்ராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். இஸ்ரவேல் நாடு உண்டானது நாற்பத்தெட்டில், ஒரு சந்ததி என்பது நாற்பது வருஷம், கூட்டிப் பார்த்தால் இந்த வருஷமே கர்த்தர் வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவோ அந்தக் கணக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஜங்ஷனில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து ரிட்டையர் ஆகும்வரை, வண்டி எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் லேட்டுதான், ஆனா வரும் என்று மட்டுமே சொன்ன மனுஷன், வேதத்தில் தானியேலையும் வெளிப்படுத்தலையும் விரித்து வைத்துக்கொண்டு கர்த்தர் வரும் நேரத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். நாளும் நாழிகையும் ஒருத்தருக்கும் தெரியாது என்று வேதத்திலேயே இருக்கிறதே என்றேன். நாளும் நாழிகையும்தான் தெரியாது, மாசமும் வருஷமும் தெரியக்கூடாதுன்னு எங்க இருக்குது என்றார். ஜூலைக்குள் நாளும் தெரிந்துவிட்டது. செப்டம்பர் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம்தான் வினை. ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, நோவா காலத்திலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கினுதான் இருந்தாங்க, வெள்ளம் வந்துச்சு, ஜனவரியில கல்யாணம்னு நாம பேசறதே அவிசுவாசம், சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி நிறுத்திடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திண்டிவனத்துப் பையன் தயாளனை நம் சுகிர்தாவுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குத் தெரியும். அவள் அழவே இல்லை. அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றாருன்றது உறுதின்னா அதுக்கு முன்னாடி பண்ணி வைங்க, உறுதி இல்லன்னா ஜனவரியிலயே பண்ணுங்க, ரெண்டுல ஒண்ண நம்புங்க என்றாள். ஜனவரி என்று சொன்னால் அவர் கணக்கை அவரே நம்பவில்லை என்றாகும். ஆகஸ்ட் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாயாலேயே வந்தது. வீட்டில் கணக்கு நன்றாகப் போடத் தெரிந்தவள் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சம்பந்தி மாசிலாமணியும் அந்தக் கூட்டத்தில் அழுது கையைத் தூக்கியவர்தான், அதனால் தேதியை முன்னால் கொண்டுவர ஒத்துக்கொண்டார். ஆனால் போகும்போது, பையனுக்கு ஒரு ஸ்கூட்டர் செய்யறதா பேச்சு இருந்துச்சுங்களே என்று இழுத்தார். அப்பா மனசார, விளையாட்டாக இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டருக்கு இன்னிக்கே பதிவு பண்ணாகூட அது வர்றதுக்குள்ள கர்த்தர் வந்துடுவாருங்க என்றார். கையைத் தூக்கியவர் அதற்கு என்ன பதில் சொல்வார், ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, திண்டிவனம் கோயிலில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பிரியாணிகூட மிஞ்சவில்லை. பெண்ணை அனுப்பும்போது அப்பா ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை, ரெண்டு வாரத்தில் மேலே பார்த்துக்கொள்ளப் போகிறோமே என்றார். அவருக்கும் சேர்த்து நான்தான் அழுதேன். அண்ணன் இடத்தில் நிற்க ஆள் இல்லாமல் உன் சித்தப்பா மகனை நிறுத்தினோம், அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா விடியுமுன்னே குளித்து, சலவை வேட்டி சட்டை போட்டு, ஆராதனைக்குப் போய் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு போனவர், இன்னா சார், ஊருக்குக் கிளம்பிக்கினு இருக்கீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. எப்ப திரும்புவீங்க என்றதற்கு வானத்தைப் பார்த்தார். நான் உள்ளே திங்கட்கிழமை இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். சாயங்காலம் மழை வந்தது. நாற்காலியை அவரே உள்ளே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒரு வாரம் தெருவில் தலை காட்டவில்லை. எனக்கும் கிண்டல் செய்ய மனசு வரவில்லை.

போன ஞாயிறு சம்பந்தி, மாப்பிள்ளை, சுகிர்தா மூன்று பேரும் வந்தார்கள். காபி குடித்துவிட்டு சம்பந்தி மெதுவாக, நாமதான் இங்கயே இருக்கிறோமே, அந்த ஸ்கூட்டர் விஷயம் என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு எங்கிருந்துதான் உயிர் வந்ததோ, கணக்கில் ஒரு வருஷம் பிசகிவிட்டது, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்யமாம் வருஷம் என்று ஒன்று கிடையாது, அதைச் சேர்த்து எண்ணிவிட்டார்கள், அடுத்த செப்டம்பர்தான் சரி என்று விளக்கினார். சம்பந்தி நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் முழித்தார். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, எனக்கு சைக்கிளே போதும்பா என்று சொல்லி அதோடு முடித்துவிட்டார்.

அவர்கள் போனபிறகு அப்பாவிடம், அடுத்த வருஷம்னு நெசமாவே நம்புறீங்களா என்று கேட்டேன். தெரியல என்றார். அப்புறம் அவரே சொன்னார். எபிய பாத்து நாலு வருஷமாச்சு. அந்த அரபி மொதலாளி அவன் பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினு வருஷா வருஷம் அடுத்த வருஷம்னு சொல்றான். கர்த்தர் வந்தா யாருகிட்டயும் லீவு கேக்க வேணாம், எங்க இருந்தாலும் ஒரே நிமிஷத்துல எல்லாரும் ஒண்ணாயிடுவோம், அதனாலதான் அந்தக் கணக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எப்படிப் போட்டாலும் சரியாவே வந்துச்சு என்றார். நான் பாத்திரம் துலக்கப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் எபி, கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்று ஜனவரி லீவை விட்டுவிடாதே. அரபி காரணம் கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அது முழுப் பொய்யும் இல்லை. நீ போகும் இடத்திலும் வரும் வழியிலும் ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. சுகிர்தாவுக்குக் கோபம் இல்லாமல் ஒரு கடிதம் போடு, பாவம் அவள் உன் பதிலுக்காகத்தான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
ரத்தினபாய்